கை நீள நூல்

மபாஸாவின் குவில்ட்டை, அந்த ஒட்டுத்துணிப் போர்வையை, வாசலிலிருந்து நாலாவது கம்பியில் தொங்கவிடுவதாகத்தான் பேச்சு. காலை எட்டரைக்குப் பலாபத்வலயிலிருந்து பஸ் பிடித்து வந்து, மாத்தளைக் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்து பார்த்தால் அந்தக் கம்பியில் வேறு யாருடையதோ தொங்குகிறது. அவளுடையது மூலையில், தண்ணீர்ப் போத்தல் பெட்டிகளுக்குப் பக்கத்தில், ஒரு மேசைமேல் நாலாக மடித்துக் கிடந்தது. அதன்மேல் டைப் அடித்த அட்டை ஒன்று: ‘மெஷின் வேலை. கண்காட்சிக்கு இல்லை.’

இரண்டு தரம் வாசித்தாள். மூன்றாம் தரம் வாசிக்க முடியாமல் கண்ணீர் மறைத்தது. அது அழுகைக் கண்ணீர் என்று யாராவது நினைத்துவிடப் போகிறார்களே என்று முந்தானையால் சட்டென்று துடைத்துக்கொண்டாள். வந்தது சுத்தமான ஆத்திரம்.

பதினொரு வருஷம் கார்மன்ட் பெக்டரியில் தையலைப் பரிசோதிக்கும் செக்கராக இருந்தவள் அவள். உடுப்பைத் திருப்பிப் போட்டால் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று கண்ணே எண்ணிச் சொல்லிவிடும். ஒன்று குறைந்தாலும் உடுப்பு திரும்பிப் போகும். அதற்காக லைனில் இருந்த பெண்பிள்ளைகள் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பேர்களை இங்கே எழுத முடியாது. நாற்பத்துமூன்றாவது வயதில், கண் பரிசோதனையில் கடைசி இரண்டு வரி தெரியவில்லை என்று வேலையை விட்டு நிற்பாட்டினார்கள். தூரத்து எழுத்துதானே தெரியவில்லை, தையல் என்ன ரிவர்ஸ்டன் மலை உச்சியிலா இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தாள். பதில் சொல்ல அங்கே யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு கட்பீஸ் துண்டுகளை நட்சத்திரம் நட்சத்திரமாக ஒட்டுப்போட்டாள். நடுவில் பஞ்சுப் படை, அடியில் வெள்ளைத் துணி. மூன்றையும் சேர்த்துப் பிடிக்கிற தையலைக் கையாலேயே ஓட்டினாள், அங்குலத்துக்குப் பத்து. இரண்டு வருஷம் ஆனது. தன் கண்ணுக்குத் தானே எழுதிக்கொடுத்த சர்ட்டிபிகேட் என்றுதான் அதை நினைத்திருந்தாள். பெக்டரி பார்க்காவிட்டால் போகட்டும், ஊர் பார்க்கட்டும் என்று மகளிர் கைப்பணிச் சங்கத்தின் கண்காட்சிக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். விண்ணப்பத்தில் ‘முன்பு செய்த தொழில்’ என்ற இடத்தில் உள்ளதை உள்ளபடி எழுதியும் வைத்தாள். அதுதான் வினையாகப் போயிருக்கிறது.

நடுவராகக் கண்டியிலிருந்து வந்திருந்த பதுர்தீன் மிஸிஸ் கெட்டவரில்லை. குவில்ட்டுகளுக்கு நடுவே மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிக்கொண்டு நின்றவர், மபாஸாவின் முகத்தைப் பார்த்ததும் குரலை இறக்கினார்.

“கோவிச்சிக்காதீங்க. இப்ப கைத்தையல் மாதிரியே எடம் விட்டுத் தைக்கிற மெஷின் வந்தீக்கி. கார்மன்ட்ல இருந்தவங்களுக்கு அது தெரியும்தானே? மனுசக் கையின்டா கொஞ்சம் கோணல் மாணல் இருக்கும். அதுலதான் உயிர். அந்தா, அதைப் பாருங்க.”

நாலாவது கம்பியில் தொங்கிய குவில்ட்டைக் காட்டினார். அதில் தையல் வரி ஒவ்வொன்றும் ஒரு பக்கம் போய், திடீரென்று மனம் மாறி மறுபக்கம் திரும்பியது. கீழே அதன் சொந்தக்காரி இலட்சுமி, இரத்தோட்டைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள், திருடிப் பிடிபட்டவள்போல நின்றாள்.

“எவ்வளவு சுதந்திரமான கை!” என்றார் மிஸிஸ்.

“இல்லைங்க மிஸ்,” என்றாள் இலட்சுமி. “நா பஸ்ஸுல வரப்போ தச்சது. பஸ்ஸு வளைவுல திரும்புனிச்சு, ஊசியும் கூடவே போயிருச்சு.”

மபாஸாவுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. ஒரு இடத்தில் கண் போதாது என்றார்கள், இங்கே கண் கூடிப்போனது என்கிறார்கள். அளவான கண் என்று ஒன்றை அல்லாஹ் யாருக்குத்தான் கொடுத்தானோ!

“கையால தச்சதின்டா முடிச்சு இருக்கணுமே?” என்றார் மிஸிஸ். “முன்னால பின்னால ரெண்டு பக்கமும் தடவிப் பார்த்துட்டேன். ஒண்டும் இல்ல.”

முடிச்சு இல்லாமலா? கையால் தைக்கிறவள் நூலைத் தன் கை நீளத்துக்குத்தான் வெட்டுவாள். அதற்கு மேல் போனால் சிக்கும். மெஷினுக்குத்தான் நூல் கட்டையிலிருந்து அறாமல் ஓடும். ஒவ்வொரு நூலின் நுனியிலும் முடிச்சுப் போட்டு, அதை ஒரு சுண்டு சுண்டிப் பஞ்சுக்குள் இழுத்துவிட வேண்டும். செக்கர் கண்ணுக்கே அகப்படக்கூடாது என்று மபாஸா ஒவ்வொரு முடிச்சையும் ஆழத்தில் ஒளித்து வைத்திருந்தாள். கெட்டிக்காரத்தனம் காலை வாரிவிட்டது.

“ஊக்கு ஈக்கா?” என்று இலட்சுமியிடம் கேட்டாள்.

இலட்சுமி தாலிக்கொடியில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். மபாஸா மேசையிலிருந்து குவில்ட்டை இழுத்து, மண்டபத்தின் நடுவே தரையில் விரித்தாள். கம்பிகளுக்குக் கீழே நின்ற பெண்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஓரத்து நட்சத்திரத்தின் அருகே ஊக்கின் முனையைச் செருகி நெம்பினாள். பஞ்சுக்குள்ளிருந்து கடுகளவு முடிச்சு எட்டிப் பார்த்தது. அதைப் பிடித்து இழுத்தாள். தையல் ஒவ்வொன்றாக ஓசையில்லாமல் கழன்று வந்தது. ஒரு மாலைப் பொழுது முழுக்கக் குனிந்திருந்து தைத்த வரி. ஆனாலும் கை நிற்கவில்லை.

உருவிய நூலைச் சுண்டுவிரல் நுனியில் பிடித்துத் தோள்வரை நீட்டினாள். சரியாகத் தோளில் வந்து நின்றது.

“அக்கா, போதும்க்கா,” என்றாள் இலட்சுமி.

“நீ சும்மா இரு புள்ள.” அடுத்த முடிச்சைத் தோண்டி எடுத்தாள். இரண்டாவது நூலும் விரலிலிருந்து தோள்வரைதான் இருந்தது. மூன்றாவதும் அப்படியே.

“மெஷினுக்குக் கை ஈக்கா மிஸ்? தோள் ஈக்கா? இன்னும் எரநூத்திச் சொச்சம் நூல் ஈக்கி. ஒரு வார்த்தை செல்லுங்க, எல்லாத்தையும் உருவிக் காட்டுறேன். பஞ்சு வேற துணி வேறயா கழண்டு தரையில கெடக்கட்டும். ஆனா மெஷின் வேலையின்டு மட்டும் செல்ல விடமாட்டேன்.”

நாலாவது முடிச்சில் ஊக்கை வைத்தபோது மிஸிஸ் தரையில் மண்டியிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மூக்குக்கண்ணாடி நழுவி விழுந்தது. நூல் கழன்ற இடத்தில் வரிசையாக இருந்த சின்ன ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்தார்.

“என்ட பிழைதான்,” என்றார். “இப்பவே தொங்கவிடுவோம். இந்த மூலைய மட்டும் உள்ளுக்கு மடிச்சிட்டா ஓட்டை வெளிய தெரியாது.”

“மடிக்க வாணாம். தெரியட்டும்.”

இலட்சுமி யாரையும் கேட்காமல் தன்னுடையதை ஓரமாகத் தள்ளி, நாலாவது கம்பியில் பாதியைக் காலிபண்ணினாள். இருவருமாகத் தூக்கி மாட்டினார்கள். மூலையில் மூன்று வரிகள் தையல் இல்லாமல் உப்பிக்கொண்டிருந்தன. மபாஸா பழைய அட்டையை எடுத்து மிஸிஸிடம் நீட்டினாள்.

“வேற ஒண்டு தாங்க.”

“டைப் அடிக்கச் செல்றேன்.”

“டைப் வாணாம் மிஸ். நீங்களே கையால எழுதுங்க.”

வாசலில் பிரதம விருந்தினரின் வாகனம் வந்து நின்றது. மாலையோடு நின்றவர்கள் “மிஸ், மிஸ்” என்று கூப்பிட்டார்கள். மிஸிஸ் அவசரமாக மேசையில் குனிந்து, ‘மபாஸா, பலாபத்வல. கையால் தைத்தது’ என்று எழுதி நீட்டினார்.

மபாஸா அட்டையைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். பதினொரு வருஷப் பழக்கம் எங்கே போகும்?

“வரி கீழ எறங்குது மிஸ். திரும்ப எழுதுங்க.”

மிஸிஸ் வாசலைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். பிறகு புதிதாக ஒரு அட்டையை எடுத்து வைத்தார். இலட்சுமி உருவிய நூல்களில் ஒன்றை எடுத்து, ஒரு நுனியை மபாஸாவிடம் கொடுத்து மறுநுனியைத் தான் பிடித்துக்கொண்டாள். அட்டையின் குறுக்கே நூல் விறைத்து நின்றது. வாசலில் மாலைகள் காத்திருந்தன. பேனா அந்த நூலின்மேல் ஒவ்வொரு எழுத்தாக, மெதுவாக நடந்தது.