மைக்குக்கு ஒரு குல்லா

1

இந்தக் கதையைப் பாராட்டாகத்தான் எழுதத் தொடங்கினேன். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் வந்து, ஏன் மறைத்தாய் என்று யாரும் சண்டை பிடிக்கக் கூடாது.

என் அக்கா பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர்களைப் பழுதுபார்க்கிறவள். கிட்டார் வாசிக்கிறவர்கள் அந்தக் கனத்த பெட்டிகளை மூச்சு வாங்க மாடிக்குத் தூக்கிவந்து, "ஹம் அடிக்குதுக்கா" என்பார்கள். ஹம் என்றால் தந்தியைத் தொடாதபோதும் பெட்டிக்குள் கேட்கிற முனகல். அவள் அதை அடக்கி அனுப்புவாள். நான் அவளுடைய தம்பி. கிட்டார் வாசித்துப் பாடுகிறவன், அவ்வப்போது கதையும் எழுதுகிறவன். நாங்கள் பேசி இரண்டு வருடம் ஆகிறது.

அவள் புகழ் பாடி ஒரு கதை எழுதி, அது அச்சில் வந்து, அவள் கண்ணில் பட்டால் மனம் இளகாதா என்று ஓர் ஆசை. நேரில் போய்ப் பேசத் துப்பில்லாமல்தான் பேனாவை எடுத்தேன். கதைக்குள் அவள் 'அவள்', நான் 'தம்பி'. அப்படி வைத்துக்கொண்டால் எனக்கு வெட்கம் குறைவு.

2

முதல் தொடக்கம்: "சூரியன் மேற்கே சாயும் அந்தப் பொன்னான மாலைப்பொழுதில்—"

(அடித்துவிட்டேன். அக்கா படித்தால், வேற எந்தப் பக்கம் சாயும் என்பாள்.)

இரண்டாவது தொடக்கம்: "கண்ணாடிக் குப்பிகளுக்குள் வால்வுகள் மெல்ல ஒளிர்ந்தன, அது பார்ப்பதற்கு—"

(பார்ப்பதற்கு ஆரஞ்சு நிறமாக இருந்தது. அரை நாள் உட்கார்ந்தும் அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.)

மூன்றாவது: "அவளுடைய இடது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது."

இது இருக்கட்டும்.

3

அவளுடைய இடது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. மின்சாரம் ஓடும் பெட்டியைத் திறந்து வைத்திருக்கும்போதெல்லாம் அது அங்கேதான் இருக்கும். இரண்டு கையையும் உள்ளே விட்டால் ஒரு கைவழி ஏறுகிற மின்சாரம் நெஞ்சைத் தாண்டி மறு கைவழி இறங்கும். ஒற்றைக் கையென்றால் பிழைத்துக்கொள்ளலாம். இருபது வருடப் பழக்கம். இப்போதெல்லாம் குழம்பைக் கிளறும்போதுகூட இடது கை தானாகப் பின்னால் போய்விடுகிறது என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

பிற்பகல். மேசைமேல் தம்பியுடைய பெட்டி, கீழே சலவைக்கடை. இஸ்திரிப் பெட்டியின் சூட்டு வாசனை படியேறி வந்துகொண்டிருந்தது. அவள் மின்விசிறியை நிறுத்தினாள். எதையாவது உற்றுக் கேட்க வேண்டுமென்றால் முதலில் மின்விசிறியைத்தான் நிறுத்துவாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, நீண்ட மரக்குச்சியால் உள்ளே ஒவ்வொரு வயராகத் தள்ளிப் பார்த்தாள். ஒரு வயர் நகர்ந்தபோது முனகல் கூடியது, இன்னொன்று நகர்ந்தபோது குறைந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் தூசு மிதந்தது. அந்த அறையில் நேரம் போவது யாருக்கும் தெரியாது.

(இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். சின்ன வயதில் கரண்ட் போனால் நான் அவளுக்குக் கதை சொல்வேன். அவள் பாயில் படுத்துக்கொண்டு 'ம்' கொட்டுவாள். அது நின்றால் தூங்கிவிட்டாள் என்று அர்த்தம். அந்தப் பெட்டியின் முனகல் எனக்கு அதைத்தான் நினைவுபடுத்தும். இதை அவளிடம் சொன்னதில்லை.)

"மொத்தம் நாலு ஹம் இருக்குடா இதுல. ஒண்ணுமேல ஒண்ணு ஏறி உக்காந்திருக்கு."

தம்பிக்கு எல்லாம் ஒன்றாகத்தான் கேட்டது. அவள் ஊதிப்போன கண்டென்சர்களை மாற்றினாள், ஒன்று ஒழிந்தது. வால்வைச் சூடாக்குகிற இரண்டு வயர்களையும் சடை பின்னுகிற மாதிரி இறுக்கி முறுக்கினாள், இரண்டாவது போனது. தளர்ந்த ஒரு திருகை முடுக்கியதும் மூன்றாவதும் அடங்கியது. நான்காவது மட்டும் மசியவில்லை. பெட்டி தனியாக இருந்தால் பேசாமல் இருந்தது. பாடுகிற மைக்கைச் செருகுகிற மிக்சர் கருவியோடு சேர்த்தால் அடிவயிற்றிலிருந்து முனகியது.

"இதுக்கு ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் நடுவுல போடணும். சொல்லி வச்சா ரெண்டு வாரத்துல வரும்" என்றாள்.

"காலையில பத்து மணிக்கு ரெக்கார்டிங்க்கா."

"தள்ளிப் போடேன்."

"ஒரு வருஷமா அலைஞ்சு வாங்கின தேதி. இதை விட்டா என்னை யாரு கூப்பிடுவாங்க?"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். "சரி, போய் ரெண்டு டீ வாங்கிட்டு வா" என்றாள்.

அவன் திரும்பி வந்தபோது நான்காவது ஹம் இல்லை. மிக்சரோடு சேர்த்தபடியே பெட்டி இருந்தது, வால்வுகள் ஒளிர்ந்தன, அறையே மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது.

"என்னக்கா பண்ணினே?"

"ஏதோ பண்ணினேன். டீயைக் கொடு."

அவள் கையில் என்ன மாயம் இருந்ததோ, அந்தக் கால் மணி நேரத்துக்குள் அவள்—

4

இந்த வாக்கியத்தில்தான் மாட்டிக்கொண்டேன். அந்தக் கால் மணி நேரத்துக்குள் அவள் என்ன செய்தாள்? மாயம் என்று எழுதித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் படிக்கப்போகிறவள் அவள். ஒரு வயர் இடம் மாறினாலும் பிடித்துவிடுவாள். ஆகையால் பெட்டியைத் திறந்து பார்த்து எழுதுவது என்று முடிவு செய்தேன்.

அவள் சொல்லிக்கொடுத்தபடி பிளக்கைப் பிடுங்கி, உள்ளே தேங்கிய மின்சாரம் வடிய ஒரு நாள் முழுக்கச் சும்மா விட்டேன். பிறகு பின்பலகையின் திருகுகளைக் கழற்றினேன். இடது கை முதுகுக்குப் பின்னால்.

உள்ளே ஒரு பச்சை வயர். அது பிளக்கிலிருந்து வந்து பெட்டியின் இரும்புச் சட்டத்தில் திருகப்பட்டிருக்க வேண்டும். அதுதான் எர்த்து. அதை வெட்டியிருந்தார்கள். வெட்டிய முனையை மடக்கி, மஞ்சள் நிறக் குட்டிக் குழாய் ஒன்றை மாட்டி, மெழுகு நூலால் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. அந்த மஞ்சள் குழாயும் இரண்டு சுற்றும் யாருடைய கைவேலை என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வேன்.*

* அக்காவின் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு: "எர்த்தை வெட்டிட்டு ஹம் போச்சுன்னு சொல்றவனைப் படியேத்தாதே." வழிதவறிக் கசிகிற மின்சாரம் பெட்டியை விட்டுப் போவதற்கு எர்த்துதான் வாசல். அதை அடைத்தால் ஹம் போய்விடும், உண்மைதான். ஆனால் அந்த மின்சாரம் இரும்புச் சட்டத்திலேயே காத்திருக்கும். கிட்டார் தந்தியைப் பிடித்துக்கொண்டு ஒருவன் மைக்கில் உதட்டை வைத்தால் அவன்வழியாக வெளியே போகும்.

இப்போது என் முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடமாக, பாட வாயெடுக்கும்போதெல்லாம் என் உதட்டில் சுரீர் என்று ஒரு கடி. நான் அதைப் பாட்டின் வரவு என்று நினைத்திருந்தேன். "பாட்டு கடிச்சாத்தான் எனக்கு நல்லா வரும்" என்று நாலு பேரிடம் பெருமையாக வேறு சொல்லியிருக்கிறேன். கடிக்காத நாட்களில் சோர்ந்துபோய் வீடு திரும்பியிருக்கிறேன்.

5

அன்று மாலை எழுதியவை: "பெற்ற பிள்ளையைப் போல வளர்த்த தம்பியை அவள்—" "அவள் ஒரு—" "இப்படியும் ஒருத்தி—"

ஒன்றையும் முடிக்கவில்லை. கோபத்தைவிடச் சந்தேகம் பெரிதாக இருந்தது. கதாபாத்திரம் பொருந்தவில்லை. குழம்பைக் கிளறும்போதுகூட ஒரு கையை மறைக்கிறவள், என்னை இரண்டு வருடம் அந்தத் தந்திகளைத் தொட விட்டிருப்பாளா? வாசகர் நம்பமாட்டார். நானே நம்பவில்லை.

ஆகவே பழையதையெல்லாம் தோண்டினேன். பாட்டு வெளியான நாளில் ஒரு சின்னக் கூட்டம் வைத்தோம். நான் மைக்கைப் பிடித்து, "எங்க அக்கா மாதிரி சுத்தமா வேலை செய்ய யாராலயும் முடியாது, இந்தப் பாட்டுல ஹம்மே கிடையாது, காது வச்சுக் கேளுங்க" என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். அவள் கையிலிருந்த தம்ளரை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு அவளிடம் பெட்டிகள் வந்து குவிந்தன. என்னிடம் மட்டும் அவள் பேசவில்லை. பாராட்டினதுக்கா இந்தக் கோபம் என்று நானும் முறுக்கிக்கொண்டேன்.

மூன்று தடவை மாமா, அதாவது அக்காவின் கணவர், தூது வந்தார். "ஆம்ப்பை ஒரு தரம் கொண்டுவரச் சொல்றா, சர்வீஸ் பண்ணணுமாம்."

"அது நல்லாத்தான் இருக்கு மாமா. கோவிச்சுக்கிட்டுப் போனவங்களே வந்து பேசட்டும்" என்றேன். மூன்று தடவையும் அதே பதில்.

பிறகு ஒரு பொட்டலம் வந்தது. கடிதம் இல்லை. உள்ளே மைக்கின் தலையில் மாட்டுகிற கறுப்புப் பஞ்சுக் குல்லா. நான் 'ப' வருகிற இடங்களில் மைக்கில் காற்று ஊதுகிறேன் என்று ரெக்கார்டிங்காரர் சொன்னதை நக்கல் செய்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். இழுப்பறையில் தூக்கிப் போட்டேன். குல்லா மாட்டியிருந்தால் உதடு இரும்பில் படாது. அது இப்போதுதான் உறைத்தது.

மாமாவுக்குப் போன் செய்தேன்.

"மாமா, அக்கா பட்டறையில குட்டி டிரான்ஸ்ஃபார்மர் ஏதாவது இருக்கா?"

"அலமாரியில ஒரு டப்பா இருக்கு. மேல 'தம்பி'ன்னு எழுதி ஒட்டியிருக்கா. துடைப்பா, திரும்ப அங்கேயே வைப்பா. யாரையும் தொட விடமாட்டா. ஏன் கேக்கறே?"

"எப்ப வந்தது?"

"உன் ரெக்கார்டிங் முடிஞ்சு ரெண்டு வாரம் இருக்கும். நீயாவது சொல்லுப்பா, உங்களுக்குள்ள என்னதான் சண்டை?"

"அப்புறம் சொல்றேன் மாமா" என்றேன். போனை வைத்துவிட்டு, மூன்றாம் பகுதியில் விட்ட வாக்கியத்திலிருந்து மறுபடி எழுதினேன்:

அந்தக் கால் மணி நேரத்துக்குள் அவள் மூன்று முறை கட்டரை எடுத்து, இரண்டு முறை கீழே வைத்தாள். தான் படியேற்றாத ஆட்கள் ஒவ்வொருவராக ஞாபகம் வந்தார்கள். இரண்டு வாரம்தானே, பொருள் வந்ததும் நானே சேர்த்துவிடுவேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நாளைக்கு அவன் பாட வேண்டும், அவ்வளவுதான். வெட்டினாள். படியில் அவன் காலடி கேட்டதும் மஞ்சள் குழாயை மாட்டி, மெழுகு நூலை இரண்டு சுற்றுச் சுற்றினாள். ஒளிக்கிற வேலையைக்கூட அவளால் அரைகுறையாகச் செய்ய முடியவில்லை. அடுத்த வாரமே அத்தனை பேர் முன்னால் தம்பி அவளைச் சுத்தம் என்று சொன்னபோது அவளுக்கு அழுகை வந்தது. அங்கே உட்கார முடியவில்லை.

(இது என் கற்பனைதான். ஆனால் எழுதி முடித்ததும் எனக்கும் அழுகை வந்தது.)

6

முடிவுகள்.

முதல் முடிவு: தம்பி தானே எர்த்தைச் சேர்த்துவிடுகிறான், யாரிடமும் சொல்லவில்லை. முனகல் திரும்புகிறது. டப்பா அலமாரியிலேயே இருக்கிறது. அக்கா அதைத் துடைத்துத் துடைத்து வைக்கிறாள். இதை எழுதிப் பார்த்தேன், பிடிக்கவில்லை.

இரண்டாவது முடிவு: வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோகிறான். அந்த ஆள் மஞ்சள் குழாயைப் பார்த்து, "உங்கக்கா வேலையாச்சே இது" என்கிறார். ஒரு வாரத்தில் கிட்டார்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. இருபது வருடம் சேர்த்த பெயர் அதோடு சரி. இதை எழுதவே கை வரவில்லை.

மூன்றாவது முடிவு: தம்பி பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறுகிறான். சட்டைப்பையிலிருந்து கறுப்புக் குல்லா தலை நீட்டுகிறது. பெட்டியை மேசையில் வைத்து, "ஹம் திரும்ப வந்துடுச்சுக்கா, கொஞ்சம் பாரேன்" என்கிறான்.

அது பொய். எர்த்து வெட்டிய பெட்டியில் அந்த நான்காவது ஹம் திரும்பி வரவே வராது. ஊரில் வேறு யார் கேட்டாலும் நம்புவார்கள். அது பொய் என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான். தெரிந்ததும் இன்னொன்றும் தெரிந்துவிடும்: இவன் பெட்டியைத் திறந்திருக்கிறான், பார்த்திருக்கிறான், பார்த்தும் வந்திருக்கிறான்.

இதுதான் சரி. ஆனால் அவள் என்ன சொல்வாள்? "வச்சுட்டுப் போ" என்று எழுதினேன். "எதுக்குடா திறந்தே, ஷாக் அடிச்சிருந்தா?" என்று எழுதினேன். வெறும் 'ம்' என்றும் எழுதினேன். மூன்றையும் சத்தமாகப் படித்துப் பார்த்தேன். மூன்றும் என் குரலில்தான் இருந்தன.

7

ஆகையால் அந்த ஒரு வரியை நான் எழுதப்போவதில்லை. உங்களுக்கு அக்காவோ தம்பியோ இருந்தால் உங்களுக்குத் தெரியும், நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். இல்லாதவர்கள் கொஞ்ச நேரம் என்னோடு இருங்கள்.

நான் சலவைக்கடைக்கு மேலே போகிற படிக்கட்டில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பெட்டி பக்கத்துப் படியில் இருக்கிறது. வெயில் சுவரில் பாதிவரை இறங்கிவிட்டது. இஸ்திரிச் சூட்டு வாசனையில் கண் சொக்குகிறது. இன்னும் பதினோரு படி. மேலே மின்விசிறி ஓடுகிற சத்தம் இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டிருந்தது. "தம்பி படியில் உட்கார்ந்து எதையோ—"

மின்விசிறி நின்றுவிட்டது.

இனிமேல் எழுத முடியாது. பெட்டியைத் தூக்க எனக்கு இரண்டு கையும் வேண்டும்.