மூன்று கட்டம் போட்ட படிவம்

பூட்டு ரிப்பேர் செய்பவர் செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு இறந்துபோனார். பதினொன்றே காலுக்குக் குடிக்கத் தண்ணீர் கேட்டார். இடையில் நடந்தது டிஸ்சார்ஜ் பிரிவின் வேலை என்பதால் டாக்டர்கள் யாரும் அதில் தலையிடவில்லை.

அதற்கு முதல் நாள்தான் பெரிய டாக்டர், எட்டு மாதம் அவரைப் பிரித்து மேய்ந்த பிறகு, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சுவரிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆற்றுக்கு அக்கரையில், குணமாகாதவர்களைக் கடைசிவரை வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று இருந்தது. அங்கே ஒரு கட்டில் காலி. வெள்ளிக்கிழமை மாலைவரை வைத்திருப்பதாகச் சொன்னார்கள். பூட்டுக்காரரின் மனைவி தையல் வேலை செய்பவள். வலி தாங்காமல் மனுஷன் கடித்துக் கடித்து, அவள் தைத்துப் போட்ட நான்காவது தலையணை உறையும் நைந்திருந்தது. அவளுக்கு அந்தக் கட்டில் கிடைத்தால் போதும்.

டிஸ்சார்ஜ் குமாஸ்தா நல்ல மனிதர். விதியை மீறி ஒரு தும்மல்கூடப் போட்டதில்லை. அவருடைய படிவத்தில் மூன்றே கட்டங்கள்: குணமானார், இறந்தார், ஓடிப்போனார். நிம்மதியாகச் சாகப் போகிறவருக்குக் கட்டம் இல்லை. அந்த ஆஸ்பத்திரியில் எந்தக் கட்டத்தில் டிக் விழுகிறதோ அது நடந்துவிடும். கட்டடம் எழும்பிய நாளிலிருந்தே அப்படித்தான். குமாஸ்தா யோசித்து, ஏறக்குறையப் பொருந்துகிறதே என்று இரண்டாவதில் அடித்தார். ஏழாவது வார்டில் மூச்சு நின்றது. மனைவி மாடியிலிருந்து ஓடி வந்து மேசையை இரண்டு கையாலும் அறைந்தாள். அவர் திருத்தல் படிவத்தைத் தேடி எடுத்து, கையெழுத்து கோணாமல் நிரப்பி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அந்த முக்கால் மணி நேரமும் அவள் விதவையாக இருந்தாள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

புதன்கிழமை முதல் கட்டத்தில் அடித்துப் பார்த்தார். பூட்டுக்காரருக்கு நரை கறுத்தது, கன்னம் உப்பியது, டாக்டர்கள் அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். வலி மட்டும் அப்படியே இருந்தது, ஏனென்றால் வலியைப் பற்றிப் படிவத்தில் ஒன்றுமில்லை. குணமானவருக்கு எதற்கு என்று, போட்டுக்கொண்டிருந்த ஒரு ஊசியையும் நிறுத்தினார்கள். திடகாத்திரமான ஆளை நாங்கள் எடுப்பதில்லை என்று இல்லத்திலிருந்து போன் வந்தது. குணமானதை ரத்து செய்ய வியாழக்கிழமை முழுக்கப் போயிற்று.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, மிச்சமிருந்த கட்டத்தைக் குமாஸ்தா விரலால் மூடிக்கொண்டார்.

"ஓடிப்போனார்னு போட்டா ஆஸ்பத்திரிக்குத்தாம்மா கெட்ட பேரு."

"அவரால திரும்பிப் படுக்கவே முடியல சார். கைய எடுங்க, நானே போட்டுக்கறேன்."

அவர் எடுக்கவில்லை. நாள் முழுக்கக் கத்தரி பிடிக்கிற கை அவளுடையது. அந்த விரலைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு டிக் அடித்தாள்.

ஏழாவது வார்டுக் கட்டில் ஓடியது. ஒரு சக்கரம் எப்போதும் மக்கர் பண்ணும் அந்தக் கட்டில், பூட்டுக்காரரை மல்லாத்திச் சுமந்தபடி ஏழு மாடிப் படிகளையும் குலுங்காமல் இறங்கியது; பாலத்தில் இரண்டு பஸ்களை முந்தியது. மனைவி செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

இல்லத்து நர்ஸ் எந்தத் தாளையும் கேட்கவில்லை.

"எங்கண்ணா வலிக்குது?" என்றாள்.

எட்டு மாதத்தில் அதை அவரிடமே கேட்ட முதல் ஆள் அவள்தான். அவர் காட்டினார். ஊசி போட்டார்கள். அவர் வாயை லேசாகத் திறந்துகொண்டு தூங்குவதைப் பார்த்து, மனைவி நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

பத்தொன்பது நாள் இருந்தார். போனபோது, யாரும் டிக் அடிக்காமல் தானாகப் போனார்.

ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடிதம் வருகிறது. பதிவேட்டின்படி தங்கள் கணவர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறார், இறப்புச் சான்றிதழோடு நேரில் வந்தால் நிறுத்திவிடலாம் என்று. விடியற்காலையில் பாலத்தின் மேல் ஒரு கட்டில் தங்களை முந்திப் போவதாக பஸ் டிரைவர்களும் சொல்கிறார்கள். இப்போதெல்லாம் ஒதுங்கி வழிவிடுகிறார்களாம். அவள் சான்றிதழை எடுத்துக்கொண்டு போகவில்லை. எட்டு மாதம் படுத்தே கிடந்த மனுஷன், கொஞ்ச நாள் ஓடட்டும் என்று விட்டுவிட்டாள்.