இரண்டு மாதத்தில் பழசான வேட்டி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். வாயும் சும்மா இருக்காது. இரண்டும் சேர்ந்துதான் என் மனைவி பிரபாவின் வளைகாப்பன்று, திருக்கோவிலூரில், என்னைத் தெருவில் இறக்கிவிட்டன.

தலைப்பிரசவத்தைப் பெங்களூரிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். தொம்மலூரில் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறது என்றேன். பிரபா இல்லாத வீட்டில் ஐந்தாறு மாதம் தனியாகக் கிடப்பதை நினைத்தே பார்க்க முடியவில்லை என்பதுதான் உண்மை. அதைச் சொல்ல வெட்கப்பட்டு ஆஸ்பத்திரியைப் பிடித்துக்கொண்டேன். மாமனார் கோவிந்தராஜன் பந்தி நடுவில், எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: "ரெண்டு பேர் நின்னா மூச்சு முட்டுது அந்த ரூமுல. அங்க எதுக்கு மாப்ள புள்ளத்தாச்சிய வெச்சிக்கிட்டு?"

"அப்படின்னா கொழந்த பொறக்கற வரைக்கும் உங்க வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று பாதி இலையில் எழுந்துவிட்டேன். பிரபா இரண்டு கை நிறைய வளையலோடு வாசலில் நின்றாள். ஊர் எல்லை தாண்டுவதற்குள் எனக்கு வருத்தம் வந்துவிட்டது. ஆனால் சொன்னது சொன்னதுதானே.

பத்தாம் நாள் அவளிடமிருந்து இன்லண்ட் கடிதம் வந்தது. "பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடக் கூடாது. பழைய வேட்டியில்தான் ஏந்துவார்கள். நம் குழந்தையை உங்கள் வேட்டியில் ஏந்த வேண்டும் என்று எனக்கு ஆசை. கட்டிப் பழகிய வேட்டி ஒன்று கொண்டு வாருங்கள்."

மறுபடி ஒரு தரம் படித்தேன். குழந்தையின் மேல் முதலில் படப்போவது என் துணி. நான் பக்கத்தில் இல்லாவிட்டால் என்ன, என் வேட்டி இருக்கும்.

ஆனால் என்னிடம் பழைய வேட்டி ஏது? ஆபீசுக்கு பேண்ட், வீட்டில் லுங்கி. அப்பாவின் வேட்டிகள் எல்லாம் தங்கச்சி பிள்ளைகளுக்குப் போய்விட்டன. இருந்தது ஒன்றே ஒன்று, தலை தீபாவளிக்கு மாமனார் எடுத்துக் கொடுத்த எட்டு முழம். மடிப்புக் கலையாமல், சுட்ட அப்பளம் மாதிரி விறைப்பாக இருந்தது. இன்னொருவர் கட்டியதை வாங்கி அனுப்ப மனம் ஒப்பவில்லை. பிள்ளைக்கு நடைவண்டி செய்து கொடுக்கிற அப்பன்மார் உண்டு. நான் ஒரு பழைய வேட்டி செய்து கொடுப்பது என்று முடிவு செய்தேன்.

கொதிக்கிற தண்ணீரில் போட்டுக் கஞ்சியை எடுத்தேன். தினமும் வேலைக்குக் கிளம்புமுன் துவைக்கிற கல்லில் போட்டு அடித்தேன். வீட்டுக்காரரின் மருமகள் எல்லம்மா, என்னைவிட இரண்டு வயது சின்னவள், இடுப்பில் குடத்தோடு வேடிக்கை பார்த்தாள். கன்னடம் கலந்த தமிழில் கேட்டாள்.

"யாரு மேலண்ணா கோவம்? சும்னே அதப் போட்டுச் சாவடிக்கிறீங்க."

விஷயத்தைச் சொன்னேன். சிரித்துச் சிரித்துக் குடத்துத் தண்ணீரில் பாதியைக் கொட்டிவிட்டாள். எட்டாம் நாள் வேட்டி ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்தது.

"பாத்தீங்களாண்ணா, அடிச்சா கிழியும். பழசாவுமா?"

அன்று சாயங்காலம் ஊசியும் நூலும் வாங்கி வந்து உட்கார்ந்தேன். ஆபீஸ் ஆபீசாகக் கம்ப்யூட்டருக்கு வயர் இழுக்கிற கை இது, ஊசிக்குப் பழக்கமில்லை. விரலெல்லாம் குத்திக்கொண்டு தைத்து முடித்தபோது அது கம்பளிப்பூச்சி மாதிரி இருந்தது. குழந்தைக்கு உறுத்துமோ என்று பிரித்து மறுபடி பொடித் தையலாகப் போட்டேன்.

அதன்பின் அடிப்பதை விட்டுவிட்டுக் கட்ட ஆரம்பித்தேன். வேலை விட்டு வந்ததும் வேட்டி. படுக்கையில் வேட்டி. பால் வாங்க, முடி வெட்ட, எல்லாவற்றுக்கும் வேட்டி. "என்ன சார், அரசியல்ல குதிச்சிட்டீங்களா?" என்று சலூனில் கேட்டார்கள். சாயங்காலம் படியில் உட்கார்ந்திருப்பேன். பூக்காரம்மா பழக்க தோஷத்தில் எங்கள் வாசலில் நின்று, பிரபா இல்லை என்று ஞாபகம் வந்து நகர்ந்து போவாள். பிரபாவின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்று கண்ணாடியில் ஒட்டியிருந்தது. நான் முகம் பார்க்கும்போதெல்லாம் அது என் நெற்றிக்கு நேராக வந்தது. எடுக்க மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் எஸ்.டி.டி. பூத்திலிருந்து மாமனாரின் பக்கத்து வீட்டுக்கு போன் செய்வேன். பிரபா மூச்சு வாங்க வந்து எடுப்பாள்.

"வேட்டி என்னாச்சு?"

"ரெடியாயிட்டிருக்கு. தபால்ல அனுப்பிடறேன்."

"தபால்ல வேணாம். தொலைஞ்சிடும்."

"அப்ப யார்கிட்டயாவது குடுத்தனுப்பவா?"

"வேணாங்க" என்றாள். அவள் வளையல் சத்தம் மட்டும் கேட்டது. வேட்டியின் மேல் அவளுக்கு எவ்வளவு அக்கறை என்று நான் பூரித்துப் போனேன்.

டாக்டர் சொன்ன தேதிக்கு மூன்று வாரம் முன்னதாகவே, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எல்லம்மா வீட்டு போனில் மாமனாரே கூப்பிட்டார். "பொண்ணு. ரெண்டு பேரும் சௌக்கியம்" என்றார். நான் கட்டியிருந்த வேட்டியோடு கலாசிபாளையம் ஓடி பஸ் பிடித்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது விளக்கு வைக்கிற நேரம். வராந்தாவில் நின்ற மாமனார் என் இடுப்பைப் பார்த்தார். "இது நான் எடுத்த வேட்டியாட்டம் இல்ல?" என்றார். பதில் சொல்ல நிற்காமல் உள்ளே போனேன்.

பிரபாவின் பக்கத்தில் குழந்தை தூங்கியது. அதன் மேல் பழுப்பேறிய மெத்தென்ற வேட்டி ஒன்று.

"இது யாரோடது?"

"அப்பாவோடது. ஆயாம்மா துணி துணின்னு கேட்டாங்க. இருங்க, அவரு வந்துடுவாருன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். எவ்ளோ நேரந்தான் புள்ளய வெறும் ஒடம்போட வெச்சிருக்கறது?"

கட்டில் ஓரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கொதிக்க வைத்தது, அடித்தது, கிழிந்தது, தைத்தது, கட்டிக்கொண்டே திரிந்தது. அவள் என் தையலைத் தடவிப் பார்த்தாள்.

"எங்கப்பா காலமெல்லாம் வேட்டிதான் கட்டறாரு. எங்க வீட்ல பெட்டி நெறைய பழைய வேட்டி கெடக்கு. நான் துணிக்காகவா எழுதுவேன்? கொண்டு வாங்கன்னுதான எழுதுனேன்."

நான் தையலைக் கையால் மூடிக்கொண்டேன்.

"வலி எடுத்தப்பகூட வாசலத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றாள்.

நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டேன். குழந்தை பிறந்த பிறகுதான் வந்திருக்கிறேன். இப்படி ஒரு ஜெயிப்பு என் எதிரிக்கும் வேண்டாம்.

மாமனார் கடைவீதிக்குப் போய் ஒரு புது வேட்டியோடு வந்தார். "இதக் கட்டிக்கிட்டு அதக் குடுங்க மாப்ள. தொவைச்சிப் போட்டா காலையில புள்ளைக்கு ஆவும்" என்றார். குரலில் பழைய சண்டை எதுவும் இல்லை. கதவு மறைவில் மாற்றிக்கொண்டு நீட்டினேன்.

அவர் கை நீட்டுமுன் பிரபா வாங்கிக்கொண்டாள். "இன்னிக்கு இப்படியே இருக்கட்டும்ப்பா. நாளைக்குத் தொவைச்சிக்கலாம்" என்று சொல்லி, என் வேட்டியைச் சுருட்டி முகத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

புது வேட்டி இடுப்பில் நிற்காமல் வழுக்கியது. அதைக் கையில் பிடித்தபடி அவள் பக்கத்திலேயே நின்றேன்.