கேஸ் வந்தால் எந்தப் பக்கம்?

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று உம்மா சொல்வார். கண்டக்குழி ஐஸ் பெக்டரியில் பாதுகாப்புப் பொறுப்பாளராக இருப்பவளுக்கு மூக்கு நல்லதாக இருந்தால் போதும். அமோனியா கொஞ்சம் கசிந்தாலும் முதலில் தெரிவது அதற்குத்தான்.

மீனுக்குப் போடும் ஐஸ் கட்டிகளை உறைய வைப்பது அந்தக் கேஸ். இரும்புக் குழாய்க்குள் ஓடும்வரை தங்கமான பிள்ளை. வெளியே வந்தால் ஈரத்தைத் தேடிப் போகும். கண், தொண்டை, வியர்த்த கழுத்து, எல்லாவற்றையும் அரிக்கும். மூடிய அறைக்குள் நிறையச் சேர்ந்தால் ஒரு தீப்பொறிக்கே பற்றிக்கொள்ளும். காற்று வரும் பக்கமாகப் போனால் தப்பலாம். காற்றோடு ஓடினால் கேஸும் கூடவே வரும்.

இவ்வளவையும் படம் கீறி விளக்கிவிட்டுத்தான் ஒத்திகை மணியை அடித்தேன். வேலையாட்கள், ஐஸ் வாங்க வந்த மீனவர்கள் என்று முப்பத்தொரு பேரும் நேரே கடற்கரைக்கு ஓடி, ஆளுக்கொரு மீன்பிடி போட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அது தை மாதம். வாடைக்காற்று ரோட்டுப் பக்கமிருந்து கடலுக்கு வீசிக்கொண்டிருந்தது. உண்மையான கேஸாக இருந்தால் அத்தனை பேரும் மௌத். இரண்டாம் ஒத்திகையிலும் அதே ஓட்டம். ஐஸ் வாங்க வந்த இன்னாசிப்பிள்ளை அண்ணன் தன் பாரை மீனையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினார்.

முதலாளி மஹ்ரூப் ஹாஜியார் என்னைக் கூப்பிட்டார். திங்கட்கிழமை கொழும்பிலிருந்து பரிசோதகர் வருகிறார், அன்றைக்கும் ஒத்திகை பிழையாகப் போனால் பெக்டரிக்கு அனுமதி கிடைக்காது, பிறகு என் இடத்துக்கு வேறு ஆள் பார்க்க வேண்டிவரும் என்றார். மூன்று வருடம் படித்து, வீட்டில் சண்டை பிடித்து வாங்கிய இடம் அது. ஒரு பாரை மீனுக்காக அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

ஆலங்குடாவில் வெள்ளைக்காரர்கள் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்குகிறார்கள். கிழிந்துபோன பட்டத் துணி ஒன்றை அங்கிருந்து கேட்டு வாங்கி வந்து, கூரைக்கு மேல் கம்பத்தில் கட்டினேன். நல்ல ரோஸ் நிறம். காற்றுத் திசையை அது காட்டும் என்றதும் எல்லோரும் சிரித்தார்கள்.

"எங்களுக்கே காத்தைக் காட்ட துணி கட்டுறியா, தங்கச்சி?" என்றார் இன்னாசிப்பிள்ளை. "கண்ணைக் கட்டி விட்டாலும் வாடை எது, கச்சான் எது எண்டு சொல்லுவன்."

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "அவ்வளவு தெரிஞ்ச நீங்க ரெண்டு தரமும் கேஸ் போற பக்கமே ஓடினீங்களே, அண்ணே? காத்துப் பாக்காம கடலுக்குப் போவீங்களா?"

அவர் அண்ணாந்து துணியை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை பரிசோதகர் முனாஸ் வந்தார். ஜீப்பைக் கடற்கரைப் பக்கம் தென்னை நிழலில் விட்டார். பத்து மணிக்கு ஒத்திகை என்று ஏற்பாடு. ஒன்பதே முக்காலுக்கே என் மூக்கு சொல்லிவிட்டது. கம்ப்ரஸரில் கேஸை அடைத்து வைக்கும் சீல் ஒன்று விட்டுப்போய், கேஸ் சீறிக்கொண்டிருந்தது.

மணியை அடித்தேன். முகமூடியையும் கையுறையையும் மாட்டிக்கொண்டு, வெளிச்சுவரில் இருந்த பொத்தானை அமத்தி மோட்டரை நிறுத்தினேன், வால்வை மூடினேன். கேஸுக்குப் பயமில்லை. யார் எந்தப் பக்கம் ஓடுகிறார்களோ என்றுதான் பயம்.

சீறல் நின்றதும் ரோட்டுக்கு வந்தேன். முப்பத்தொரு பேரும் வாடைக்கு முகம் கொடுத்து நின்றார்கள். ஒருவர் கையிலும் மீன் இல்லை. வந்த சந்தோஷத்தில் இரண்டு தடவை எண்ணினேன்.

முப்பத்திரண்டாவது ஆளாகப் பரிசோதகர் மீன்பெட்டியில் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்து நீர் வடிந்தது. மணி கேட்டதும் அவர் தன் ஜீப்பை நோக்கி ஓடினாராம். நாலடி போவதற்குள் இன்னாசிப்பிள்ளை சேர்ட்டைப் பிடித்து இழுத்து, ரோட்டுக்குக் கூட்டி வந்து, இப்போது போத்தல் தண்ணீரால் அவர் கண்ணைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"கொழும்பு சேருக்குக் காத்துத் தெரியாது, தங்கச்சி. அவருக்கும் ஒரு துணி கட்டிக் குடு."

ரோட்டே சிரித்தது. முதலில் சிரித்தது முனாஸ்தான். கம்ப்ரஸருக்குப் புது சீல் போட்டதும் அனுமதி என்று சொல்லிவிட்டு, ஈரக் கையோடு படிவத்தை எடுத்தார். பாதுகாப்புப் பொறுப்பாளர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினார். தவறான பக்கம் ஓடியவர்கள் எத்தனை பேர் என்று ஒரு கேள்வி இருந்தது. ஒருவர் என்று எழுதி, பக்கத்தில் தன் பெயரையே போட்டார்.