பதினொரு மணி இருட்டு

மரம் வெட்ட உத்தரவு வந்த வாரத்திலிருந்து அந்தக் காட்டுக்கு மட்டும் காலை பதினொரு மணிக்கே இருட்டியது. சாலைக்கு இந்தப் பக்கம் வெயில் மண்டையைப் பிளந்தது. அந்தப் பக்கம் நட்சத்திரம் தெரிந்தது. பஸ் டிரைவர்கள் வளைவில் ஹெட்லைட்டைப் போட்டு, தாண்டியதும் அணைத்துப் பழகிக்கொண்டார்கள்.

காட்டில் பறவைகளைக் கணக்கெடுப்பவரை ஊரே பூஜ்ஜியம் என்று கூப்பிட்டது. ஓர் ஆந்தை இருந்தாலும் அந்தக் காட்டை வெட்டக்கூடாது என்பது சட்டம். வேலை நேரமான பத்திலிருந்து ஐந்துக்குள் கண்ணில் பட்டதை மட்டுமே எழுதலாம் என்பது அலுவலக விதி. ஆந்தைக்கு அந்த விதி தெரியாததால் பதினெட்டு வருஷமாக அவர் பூஜ்ஜியமே போட்டுவந்தார். நானூறு வயது மரங்களின் பொந்துகளில் அவை இருப்பது அவருக்கு நன்றாகவே தெரியும். கல்யாணமான புதிதில் வேலை முடிந்ததும் மனைவியை அங்கே வரச்சொல்லி, ஊர்க்கதையெல்லாம் பேசி, முதல் ஆந்தைக் குரல் கேட்ட பிறகுதான் இருவரும் வீடு திரும்புவார்கள். எவ்வளவு நல்ல நாட்கள் அவை. கையில் காசில்லை, ஆனால் பேச்சுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. பிறகு அவள் மர அறுப்பு மில்லில் ரம்பத்துக்குப் பல் தீட்டப் போனாள். பாதிக் குடும்பம் அவள் சம்பளத்தில்தான் ஓடியது.

இருட்டத் தொடங்கிய மூன்றாம் நாள், வேலை நேரத்திலேயே, ஒன்பது ஆந்தைகள் அவர் தலைக்கு மேல் பறந்தன. எழுதினால் காட்டை வெட்ட முடியாது, அந்த மரத்தை நம்பியிருந்த மில் மூடிவிடும். சாயங்காலம் மனைவியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவள் அரத்தைத் துடைத்தபடியே, "கண்ணால பார்த்தாச்சுல்ல? அப்புறம் என்னைக் கேட்டு என்ன ஆகப்போகுது?" என்றாள். எழுதினார். அடுத்த மாதமே மில் மூடியது. அவள் அரத்தைத் துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டாள். பேச்சையும் அதோடு சேர்த்துப் போட்டுவிட்டாள். ஒரு வருஷம் அந்த வீட்டில் தட்டு வைக்கும் சத்தம் மட்டும்தான்.

அடுத்த கணக்கெடுப்பன்று, பதினொன்றே காலுக்கு, மரங்களுக்கிடையே ஒரு டார்ச் வெளிச்சம் ஆடி ஆடி வந்தது. கையில் சாப்பாட்டுத் தூக்கோடு அவள். பக்கத்தில் உட்கார்ந்தாள். நெடுநேரம் இருவரும் அண்ணாந்தே இருந்தார்கள். அவர் ஒன்பது என்று எழுதுவதை எட்டிப் பார்த்தாள்.

"அந்தப் பொந்துல குஞ்சு ஒண்ணு இருக்கு. பத்துன்னு போடுங்க."

போட்டார். பிறகு தூக்கைத் திறந்து, இருட்டில் இருவரும் மதியச் சாப்பாடு சாப்பிட்டார்கள்.