பெயர் வைக்க முடியாத இருபது வரிகள்

1

இந்தக் கதை அக்காவின் வாயிலிருந்து பிடுங்கியது. முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டு, "அறுபது துண்டாக்கிட்டேன்டி, ஒண்ணுகூட உடையல" என்றாள். எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை.

அக்கா கம்ப்யூட்டர் நிரல் எழுதுகிறவள். ஆம்புலன்ஸ் கேட்டு வரும் அழைப்புகளை வரிசைப்படுத்தி, எந்த வண்டி யாருக்கு முதலில் போக வேண்டும் என்று திரையில் காட்டும் நிரல் அவள் பொறுப்பு. அதன் நடுவே, ஆயிரத்து நூறு வரிகளில், அனுமார் வால்போல

(அடித்துவிட்டேன். வாலுக்கு முனையாவது உண்டு.)

ஆயிரத்து நூறு வரிகளில் ஒரே ஒரு செயற்கூறு, ஒரு வேலைக்கான கட்டளைத் தொகுப்பு, இருந்தது. அதன் பெயர் 'செய்'. எதைச் செய், எப்படிச் செய் என்பதெல்லாம் கிடையாது. பல வருடங்களாக வந்தவர் போனவரெல்லாம் ஆளுக்கு நாலு வரி செருகிவிட்டுப் போயிருந்தார்கள்.

"இப்ப ஒரு துண்டுக்குத்தான் பேரு வர மாட்டேங்குது" என்றாள் அக்கா. அவள் குரலில் இருந்த துள்ளலைக் கேட்டு, எழுதிக்கொண்டிருந்த வேறு கதையை அப்படியே போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

2

அக்காவின் முறை எளிது. கொஞ்சம் படிப்பாள். இது என்ன வேலை செய்கிறது என்று கேட்பாள். அந்த வரிகளை மட்டும் வெளியே எடுத்து, செய்யும் வேலையையே பெயராக வைப்பாள். உடனே சோதனைகளை ஓட்டுவாள். எதுவும் உடையவில்லை என்று திரையில் பச்சை வந்தால் அடுத்த துண்டு.

பக்கத்து நாற்காலியில் 'சொல்லுங்கக்கா' இருந்தார். பதினாலு வருடமாக அழைப்பு எடுப்பவர். வீட்டு போனை எடுத்தாலும் "சொல்லுங்க" என்றுதான் ஆரம்பிப்பார் என்பதால் அந்தப் பெயர். துண்டுகளுக்கு அவர்கள் மேசையில் புழங்கும் சொற்களையே வைக்க வேண்டும் என்று அக்கா அவரை இழுத்து வந்திருந்தாள்.

'மூச்சுத்திணறலை முன்னே வை.' 'பக்கத்து வண்டியைத் தேடு.' 'ஓட்டுநர் பதில் சொன்னாரா பார்.'

"அட, இத நானே படிக்கிறேனே" என்றார் சொல்லுங்கக்கா. திரையை விரலால் தொட்டு, ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். பதினாலு வருடம் தன்னை ஆட்டிவைத்த இயந்திரம் முதல் தடவையாக அவரிடம் தமிழில் பேசியது.

3

மிச்சமிருந்த அறுபத்தொன்றாவது துண்டு இருபது வரிகள். அக்கா 'அழைப்பைச் சரிபார்' என்று வைத்து அழித்தாள். 'பட்டியலை ஒழுங்குசெய்' என்று வைத்து அதையும் அழித்தாள்.

"பேரு கெடக்கட்டும். அது என்ன பண்ணுதுன்னு சும்மா பேசற மாதிரி சொல்லு" என்றார் சொல்லுங்கக்கா.

"ஒரே நம்பர்லேருந்து பத்து நிமிஷத்துல மூணு தடவ கூப்பிட்டா, விளையாட்டுக்குக் கூப்பிடறாங்கன்னு எடுத்துக்கிட்டு, கடைசிக்குத்…"

அக்கா வாக்கியத்தை முடிக்கவில்லை. சொல்லுங்கக்கா முடித்தார்.

"வண்டி வரலன்னாதானேம்மா மூணு தடவ கூப்பிடுவாங்க."

[இங்கே ஒரு பொய் எழுதியிருந்தேன். அந்த இருபது வரிகளை எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப்போன ஒருவர் என்று. கதைக்கு அது வசதி. அக்கா படித்துவிட்டு ஓரத்தில் பென்சிலால் குறித்தாள்: 'அவர் பாவம். நான்தான்.']

ஆமாம். வரிகளுக்கு மேலே அக்காவின் பெயரெழுத்துகள், எட்டு வருடத்துக்கு முந்தைய தேதி.

"எழுதச் சொல்லி உன் உயிர வாங்கினது நாங்கதான்" என்றார் சொல்லுங்கக்கா. "அப்ப தினம் அம்பது பேர் சும்மா கூப்பிட்டு சிரிப்பாங்க."

அக்கா தலையசைத்தாள். பிறகு உள்ளது உள்ளபடி தட்டினாள்: 'மறுபடி கூப்பிடுபவரைக் கடைசிக்குத் தள்ளு.'

4

உடனே அந்த வரிகளை மாற்றியிருக்கலாமே என்று நானும் கேட்டேன். "பிரிக்கும்போது பிரிக்க மட்டும்தான் செய்யணும். மாத்தறது தனி வேலை. அத நாலு பேருக்குத் தெரிஞ்சு செய்யணும்" என்றாள்.

மேலாளருக்கு அங்கே 'தொடாதே சார்' என்று பெயர். ஓடுகிறதை ஏன் நோண்டுகிறாய் என்று அக்காவை ஆறு மாதம் தடுத்தவர். அறுபத்தொரு பெயர்களையும் ஒரே தாளில் அச்செடுத்து அவர் முன் வைத்தாள். அவர் விரல் மேலிருந்து இறங்கி வந்து நடுவில் நின்றது.

"இத யாரு வச்சது?"

"நான்தான் சார். எட்டு வருஷத்துக்கு முன்னால எழுதினது."

"எட்டு வருஷமாவா இப்படி ஓடுது?"

அக்கா கண்ணைத் தாழ்த்தவில்லை. அவர் அந்த வரியை இன்னொரு தடவை படித்தார்.

"மாத்து. இப்பவே."

நாலு மணிக்கு மாற்றம் ஏறியது. புதுப் பெயர்: 'மறுபடி கூப்பிடுபவரை ஆளிடம் காட்டு.' இனி அப்படி வரும் அழைப்பு, எடுப்பவர் கண்ணில் முதலில் படும்.

5

நாலே முக்காலுக்கு, தன் மேசைக்குத் திரும்பியிருந்த சொல்லுங்கக்காவின் திரையில் உச்சியில் ஒரு சிவப்புப் பட்டை ஏறியது. ஒரே எண், மூன்றாவது அழைப்பு. நாலு மணிக்கு முன் இருந்த வரிசையில் அது பதினேழாவது இடத்தில் கிடந்திருக்கும்.

"சொல்லுங்க."

ஒரு பெண். அப்பா தரையில் கிடக்கிறார் என்றாள். முதல் வண்டி அதே பெயருள்ள வேறொரு தெருவுக்குப் போயிருந்தது. சொல்லுங்கக்கா விலாசத்தைத் திருப்பிக் கேட்டு, பக்கத்து வண்டியைத் திருப்பிவிட்டார். ஆறு நிமிடம் அவளைப் பேசவைத்துக்கொண்டே இருந்தார். அழைப்பு அறையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அக்கா என் கையைப் பிடித்த பிடியில் விரல் கன்றிப்போனது. ஒலிபெருக்கியில் "வந்துட்டாங்க, வந்துட்டாங்க" என்று கேட்டது. இணைப்பு அறுந்தது.

கதவைத் திறந்து, "அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் எங்களுக்குத் தெரியாதும்மா. வண்டி வாசலுக்குப் போயிட்டா எங்க வேல முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு அடுத்த அழைப்பை எடுத்தார்.

இப்போது அக்காவும் அவரும் மத்தியான இடைவேளைகளில் எட்டு வருடத்துப் பட்டியலை உட்கார்ந்து படிக்கிறார்கள். தள்ளப்பட்டவற்றில் விளையாட்டு அல்லாதவை இருநூற்றுச் சொச்சம். ஒவ்வொன்றுக்கும் வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று குறித்து மேலே அனுப்புகிறார்கள். அந்தக் கதையின் முடிவு அவர்கள் இருவர் கையில்.

இந்தப் பெண்ணின் முடிவுக்கு மூன்று வரைவுகள் எழுதினேன். ஒன்றில் அப்பா பிழைத்தார். ஒன்றில் இல்லை. மூன்றாவதில் அக்கா ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளைத் தேடி

(மூன்றையும் கிழித்துவிட்டேன். எனக்கும் தெரியாது.)

வாசலில் வண்டி நிற்கிறது, ஸ்ட்ரெச்சர் உள்ளே போய்விட்டது. இனி நீங்கள் எழுதுங்கள், எப்படி வேண்டுமானாலும். அவள் நாலாவது தடவை கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அதை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.