ஒரு நிமிடச் சூடு

துவாக்குடியில் அந்த ரப்பர் கம்பெனிக்குள் எந்த லோடு நுழைந்தாலும் மேனேஜர் பீமராவ் முதலில் கேட்பது, "இருதயமேரி என்ன சொல்றாங்க?" என்பதுதான். பதினோரு வருஷமாக அதுதான் வழக்கம். இந்த ஆடியிலிருந்து அவர் வாயில், "சுபஸ்ரீ என்ன சொல்றா?" என்று வர ஆரம்பித்தது. இருதயமேரிக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்?

புதிதாகச் சேர்ந்த அந்தப் பெண் ஸ்ரீரங்கத்திலிருந்து வருகிறவள். ரெண்டு பஸ் மாறி வந்தும் தலையில் வைத்த மல்லிகை வாடாமல் இறங்குவாள். டிபன் டப்பாவைத் திறந்தால் அவளுடைய புளியோதரைக்கு நாலு கை நீளும். இருதயமேரியின் மீன் குழம்பை இப்போது கேட்பாரில்லை. லோடு இறக்குகிற காத்தான்கூட அவளை மேடம் என்கிறான், இவளை அக்கா என்கிறான். அக்காவாம். இவளுக்கு ஒரு மேடம் ஒட்டாதா?

திங்கள்கிழமையிலிருந்து டெஸ்ட் ரிப்போர்ட்டில் ஒரே ஆள்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று பீமராவ் சொல்லிவிட்டார். சனிக்கிழமை காலை ஒரு லாரி கச்சா ரப்பர் வந்து நின்றது.

"ரெண்டு பேரும் ஒரே கட்டுலேர்ந்து வெட்டி, மூணு மூணு தடவை ஓட்டிப் பாருங்க. யார் கை நிதானமோ, இனிமே அவங்க கையெழுத்து" என்றார்.

வேலை பெரிய வித்தை ஒன்றுமில்லை. மிஷின் பழசு. ரப்பரில் ரெண்டு வில்லை வெட்டி, உள்ளே இருக்கும் சக்கரத்துக்கு மேலொன்று கீழொன்று வைத்து மூட வேண்டும். ரப்பரில் சூடு ஏற நூறு டிகிரியில் ஒரு நிமிடம் சும்மா விட்டு, பிறகு சுவிட்சைப் போட்டுச் சக்கரத்தைச் சுழல விட வேண்டும். ரப்பர் எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்பதை நாலு நிமிடம் கழித்து முள் காட்டும். எழுபத்தைந்தைத் தாண்டினால் சரக்கு சரியாக இளகாது, லோடு திரும்பிப் போகும்.

அந்த முதல் நிமிடத்தை சுபஸ்ரீ செல்போனில் பார்ப்பாள். இருதயமேரி எதையும் பார்க்க மாட்டாள். அவளுக்கு ஒரு நிமிடம் என்பது மனசுக்குள் சொல்லும் மூன்று 'அருள் நிறைந்த மரியே'. சேர்ந்த புதிதில் கடிகாரத்தோடு வைத்துப் பார்த்துப் பிடித்த அளவு அது. ஒரு செகண்டு பிசகியதில்லை.

சுபஸ்ரீக்கு எழுபத்தொன்று, எழுபத்தொன்று, எழுபத்திரண்டு என்று வந்தது. பீமராவ் தலையாட்டினார்.

இருதயமேரி மிஷினை மூடி ஜெபத்தைத் தொடங்கினாள். பின்னால் அவர் அந்தப் பெண்ணிடம், "அம்மா முழங்கால் வலி தேவலையா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார். இவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு வார்த்தை கேட்டிருப்பாரா இந்த மனுஷன்? உதடு தன்பாட்டுக்கு ஓடியது. எழுபத்தாறு. அடுத்தது எழுபத்தேழு. கடைசித் தடவை அவர் சிரிக்கவும் செய்தார். எழுபத்தொன்பது.

"என்னம்மா இது?" என்றார் பீமராவ்.

"நான் என்ன சார் பண்றது? நடுவுல மெத்துன்னு இருக்குற இடமா பாத்து அவ வெட்டியிருப்பா."

பக்கத்திலேயே நின்று அவள் வெட்டியதைப் பார்த்தவள்தான் இவள். வாய் கூசாமல் சொல்லிவிட்டாள்.

சுபஸ்ரீ தலையைக் குனிந்துகொண்டாள். "அக்கா சொன்னா சரியா இருக்கும் சார். பதினோரு வருஷக் கை. என்னுதுதான் தப்பா இருக்கும்."

"அப்ப சரி. இருதயமேரி, நீங்களே போடுங்க. காத்தான், லாரியத் திருப்பச் சொல்லுப்பா."

பேனா கைக்கு வந்தது. சந்தோஷம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. கடைசித் தடவை ஆமென் சொன்னோமா என்று யோசித்தாள். சொன்ன ஞாபகமே இல்லை.

சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் போய்த் தணிந்த குரலில் கேட்டாள். "நான் சுவிட்சு போட்டப்ப மணி பாத்தியா?"

"பாத்தேன்க்கா. நாப்பது செகண்டு."

"சொல்றதுக்கு என்ன?"

"ஜெபம் சொல்லிட்டிருந்தீங்க. நடுவுல எப்படிக்கா பேசுறது?"

"சார் கேட்டப்ப?"

"அவர் முன்னாடி உங்கள எப்படிக்கா..." என்று நிறுத்திக்கொண்டாள்.

அடக் கடவுளே, இந்தக் குணமும் இவளுக்கே வாய்க்க வேண்டுமா? மல்லிகையும் புளியோதரையும் போதாதா? முன்னைவிட அதிகமாக எரிந்தது இருதயமேரிக்கு.

"சார், லாரிய நிறுத்துங்க" என்றாள். "சூடு ஏறுறதுக்கு முன்னாடியே சுத்த விட்டுட்டேன், அதான் முள்ளு கூட காட்டிடுச்சு. அவ வெட்டுனது சரிதான், நான்தான் பொய் சொன்னேன். இன்னொரு தடவை ஓட்டுறேன். சுபஸ்ரீ, நீ மணி பாரு."

இந்தத் தடவை ஜெபம் சொல்லவில்லை. முள் எழுபத்தொன்றில் நின்றது.

ரிப்போர்ட்டையும் பேனாவையும் அந்தப் பெண் பக்கம் தள்ளினாள்.

"வேணாங்க்கா, நீங்களே போடுங்க."

"விட்டுக் குடுக்குறதையும் நீயே பண்ணிடாத. இதையாவது நான் பண்றேன்."

சுபஸ்ரீ குனிந்து கையெழுத்துப் போட்டாள். அதுவும் முத்து முத்தாக இருந்தது.